அண்ணனின் இதயப் படமும் துணி பார்க்கும் மேசையும்

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஸ்கேன் மையத்துக்கு இரண்டாம் ஆண்டு நிறைவு. இதய வடிவத்தில் ஒரு கேக் வாங்கி வந்திருந்தார்கள். மேனேஜர் அம்மாள் கத்தியைக் கையில் பிடித்தபடி, நாம் தினமும் உயிர்களைக் காப்பாற்றுகிறோம் என்று ஐந்து நிமிஷம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இதயக் குழாயில் கொழுப்பைத் தேடுகிற இடத்தில் நின்றுகொண்டு, வெண்ணெயும் சர்க்கரையுமாக உள்ளங்கை அகலத் துண்டை விழுங்குவது யாருக்கும் உறுத்தவில்லை. இரண்டாவது துண்டு கேட்டு வாங்கியவர் எங்கள் டாக்டர்.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள், 'அமெரிக்காவில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலையாமே' என்று விசாரிக்கிறார்கள். ஆஸ்பத்திரி இல்லை, கடை. சிகாகோவுக்கு மேற்கே ஒரு கடைவரிசையில் இந்தப் பக்கம் சலவைக்கடை, அந்தப் பக்கம் டோனட் கடை, நடுவில் நாங்கள். டோனட் தின்றுவிட்டு நேராக எங்களிடம் வந்து நெஞ்சைக் காட்டலாம், காட்டிவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இயந்திரத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். எலக்ட்ரான் பீம் சி.டி. என்று பெயர். சாதாரண சி.டி.யில் எக்ஸ்ரே குழாய் ஆளைச் சுற்றி வரும், அது ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் இதயம் துடித்துவிடும், படம் கலங்கிப் போகும். இதில் சுற்றுவது எலக்ட்ரான் கற்றை மட்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இதயம் ஓய்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் படம் எடுத்து முடித்துவிடும். ஊசி இல்லை, மருந்து இல்லை, மூச்சை ஒரு தடவை இழுத்துப் பிடித்தால் போதும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். எவ்வளவு படிந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு எண் போட்டுக் கொடுக்கும். குழாய் எத்தனை அடைத்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது, அதற்கு வேறு சோதனை வேண்டும். ஆனால் நோய் உள்ளே குடியேறிவிட்டது என்பதைச் சொல்லும்.

வருகிறவர்கள் யார் என்கிறீர்கள்? ரேடியோவில் எங்கள் விளம்பரத்தைக் கேட்டுவிட்டு, உடம்பில் ஒரு நோவும் இல்லாமல், பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வருகிறவர்கள். கோல்ப் விளையாடப் போகும் வழியில் நான்கு சிநேகிதர்களாக வருவார்கள், யாருக்கு எண் குறைவோ அவருக்கு மற்றவர்கள் சாப்பாடு வாங்கித் தர வேண்டுமாம். ஒருவர் தன் இதயப் படத்தைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். மாட்டட்டும். எங்கள் ஊரில் கல்யாணப் போட்டோவை மாட்டுகிறோம், இவர்களுக்கு அது நிலைப்பதில்லை.

2

நான் சோமனூர்க்காரி. கோயமுத்தூரில் எக்ஸ்ரே படிப்பு முடித்து, அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணமாகி இங்கே வந்ததும் அந்த ஆறு வருஷமும் குப்பைக்குப் போயிற்று. லைசென்ஸ் ஆபீசில் இருந்த பெண் என் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த மொழி?" என்று கேட்டாள். இங்கிலீஷில்தான் இருந்தது.

அப்புறம் பெயர். இனிஷியல் என்பது பெயரில்லை, முழுசாக எழுது என்றார்கள். எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் அப்பா பெயரால் என்னைக் கூப்பிடுகிறார்கள். 'மிஸ் கருப்பண்ணன்' என்று வரவேற்பறையில் கத்துவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, வாய்வு என்று சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோமே, அதே கருப்பண்ணன். தினம் நாலு தடவை அவர் பெயருக்கு நான் எழுந்து போகிறேன்.

இரண்டு வருஷம் மறுபடி படித்து, பரீட்சை எழுதி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் பதினாலு விதிகள். பதினோராவது விதி: படம் எடுக்கிறவர் படத்தைப் பற்றி நோயாளியிடம் எதுவும் பேசக்கூடாது, டாக்டர்தான் பேச வேண்டும். நல்லது கெட்டது இரண்டுமே கூடாது. முகத்தில்கூடக் காட்டக் கூடாது என்று வாயால் சொல்லிக் கொடுத்தார்கள். சிரிக்கும் பயிற்சிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். எண் ஆயிரத்தைத் தாண்டினாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரே சிரிப்பு.

இதற்கெல்லாம் பயிற்சி எதற்கு என்றுதான் நினைத்தேன். கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு, மனசில் இருப்பதை முகத்தில் காட்டாமல் "நல்லா இருக்கறீங்களா, சாப்புட்டீங்களா" என்று கேட்கவா தெரியாது?

3

போன வருஷம் புரட்டாசியில் அண்ணன் வந்தார். சோமனூரில் அவருக்கு நாற்பது தறி. திருப்பூர்க்காரர்கள் சிலரோடு சேர்ந்து நெசவு இயந்திரக் கண்காட்சி பார்க்க அமெரிக்கா வந்தவர், மற்றவர்களை அனுப்பிவிட்டு எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினார். அப்பா போனபோது எனக்கு வயசு பதினொன்று. என்னைப் படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் அண்ணன்தான். எங்களிடம் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது.

தினமும் சாயங்காலம் அவரைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவேன். நூறடி நடப்பார், ஒரு கடை ஜன்னல் முன்னால் நிற்பார். செருப்புக் கடையானாலும் சரி, நாய்க்குச் சோப்பு விற்கும் கடையானாலும் சரி, இரண்டு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். அப்புறம் அடுத்த நூறடி. ஊரிலிருந்து வந்த மனுஷன், எல்லாமே அதிசயமாக இருக்கிறது போலிருக்கிறது என்று எனக்குள் ஓர் இளக்காரம். நாய்ச் சோப்பை எதற்கு இப்படிப் பார்க்கிறார் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் மகள் நித்யாவுக்குப் பத்து வயசு. அவள் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் போனால் இங்கிலீஷில் போய் விழும். மாமன் மடியில் சாய்ந்து கொஞ்ச வேண்டிய பிள்ளை, 'உன் பிரதர்' என்று என்னிடம் சொல்கிறாள். அவள்தான் மூன்றாம் நாள் தமிழைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

"மாமா, நீங்க ஏன் நின்னு நின்னு நடக்கறீங்க? நெஞ்சு வலிக்குதா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. உங்கூரு கடையெல்லாம் நல்லா இருக்குதல்ல, அதான் பாக்கறேன்" என்றார் அண்ணன்.

பெரியவர்களிடம் இப்படியா கேட்பது என்று நான் நித்யாவை உள்ளே கூப்பிட்டுத் திட்டினேன். நெஞ்சு வலி பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான்.

4

ஆனாலும் அவள் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பாவின் கதை வேறு இருக்கிறது. ஊழியர் குடும்பத்தாருக்கு எங்கள் மையத்தில் ஸ்கேன் இலவசம். சனிக்கிழமை காலையில் வாருங்கள் என்றேன். தங்கை சொல்லிவிட்டாளே என்று வந்தார். வேண்டாம் என்று சொன்னால் நான் சங்கடப்படுவேனாம். வேறு காரணம் எதுவும் இல்லை.

காப்பி குடிக்காமல் வரவேண்டும், துடிப்பு ஏறிவிடும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். வழியில் தெரிந்த தமிழ்க் குடும்பத்து வீட்டில் ஒரு சாமான் கொடுக்க இறங்கினோம். அந்த அம்மாள் டம்ளரை நீட்டினாள். வந்த வீட்டில் கை நனைக்காமல் போவது மரியாதையில்லை என்று அண்ணன் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்துவிட்டு வந்தார். மேசையில் படுக்க வைத்துத் துடிப்பு இறங்கட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

வெள்ளைக் கோட்டில் என்னைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே மாறிப்போனது.

"ஏனுங்க, சட்டையக் கழட்டிப் போடோணுமுங்களா?"

"அண்ணா, நான்தானுங்ணா" என்றேன்.

"ஆமா, நீதான். இருந்தாலும் வேலைல இருக்கறயல்ல."

வழக்கமாக அந்த அறையில் பதிவு செய்த ஓர் ஆண் குரல் இங்கிலீஷில் மூச்சைப் பிடிக்கச் சொல்லும். அன்றைக்கு அதை நிறுத்திவிட்டு நானே மைக்கில் சொன்னேன். "மூச்ச நல்லா இழுங்ணா. இழுத்துப் புடிச்சுக்குங்க. உட்டுராதீங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்பவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. மூன்றாவது படத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கக் குழாய் தொடங்கும் இடத்திலேயே வெள்ளை. அதன் கீழே வெள்ளை. வலது பக்கக் குழாயிலும் விட்டு விட்டு வெள்ளை. எண் நானூறைத் தாண்டினாலே டாக்டர்கள் முகம் மாறும், அண்ணனுக்கு ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. செருப்புக் கடையும் நாய்ச் சோப்பும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவர் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை, வலி அடங்கக் காத்திருந்தார். 

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். பயிற்சி கொடுத்த அதே சிரிப்பைச் சிரித்தேன்.

"முடிஞ்சுதாங் கண்ணு? எப்படி இருக்குது?"

"டாக்டர் பார்த்து எழுதிக் குடுப்பாருங்ணா."

5

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று பத்தி இங்கிலீஷ். மூன்றிலும் சொன்னது, வேறு டாக்டரைப் பார் என்பதுதான். அதையும் நேரடியாகச் சொல்லாமல், நோயாளியின் மற்ற விவரங்களோடு பொருத்திப் பார்ப்பது உசிதம் என்று எழுதியிருந்தார். கேஸ் போட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ள வசதியாக எழுதும் நடை இது. உசிதமாம், உசிதம்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "இப்பச் சொல்லாதே. பயந்துக்குவாரு. அத்தனை மணி நேரம் பிளேன்ல போகோணும். கவரைக் குடு, ஊர்ல டாக்டருகிட்டக் காட்டச் சொல்லு, அவிங்க பக்குவமாச் சொல்லிக்குவாங்க" என்றார்.

அப்போது அண்ணன் மகள் கோகிலாவுக்கு மதுக்கரையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் லாரிகள் வைத்திருக்கும் குடும்பம். நல்ல காரியம் பேசும்போது கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, ரத்தத்திலேயே இருக்கிறது. இந்த நாட்டில் பதினோராவது விதி. அந்த ஊரில் இது. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்று நினைத்திருந்தேன், என் வாயை மூடுவதில் மட்டும் இரண்டும் அத்தனை ஒற்றுமையாக இருந்தன. விதி என்னைத் தடுத்தது என்று இப்போதும் நான் சொல்லிக்கொள்ளலாம். அண்ணனிடம் வீட்டுச் சமையலறையில் சொன்னால் எந்த மேனேஜருக்குத் தெரியப் போகிறது? எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

கடைசி நாள் சாப்பாட்டின்போது நித்யா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, நீ மாமாகிட்டச் சொன்னியா?" என்றாள். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"என்ன சொல்லோணும்?" என்றார் அண்ணன்.

"அடுத்த வருசம் நங்கையாளையும் கூட்டிட்டு வரோணும்னு சொல்றாளுங்ணா" என்றேன். நங்கையா என்றால் எங்கள் பக்கம் அண்ணி.

"ஆகட்டும், ஆகட்டும்" என்று அண்ணன் சிரித்தார். நித்யா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகின்றன என்று தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் அழுகிறோமே, எதை விட்டு விலகுகின்றன என்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது.

ஏர்போர்ட்டில் கவரைக் கொடுத்தேன். உள்ளே நாலு பிலிம், ஒரு கடிதம். "போனதும் டாக்டருகிட்டக் காட்டிப்போடுங்கண்ணா" என்றேன். அவர் அதைச் சட்டைகளுக்கு நடுவில் மடங்காமல் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மாசம் ஒருமுறை போன் பேசுவேன். "காட்டுனீங்களா?" என்பேன். "அதெல்லாம் ஆச்சு கண்ணு, பில்லு ஏறுது, வெச்சர்றேன்" என்பார். எட்டு மாதம் இப்படியே போயிற்று.

6

வைகாசியில் கோகிலா கல்யாணம். பத்து நாள் முன்னாலேயே நான் நித்யாவோடு ஊருக்குப் போய்விட்டேன். ஏர்போர்ட்டுக்கு வந்த அண்ணன் இளைத்திருந்தார். பெட்டியைத் தூக்கப் போனவர் பாதியில் வைத்துவிட்டு, காரைத் துடைப்பது போல நின்றார். நங்கையாளைத் தனியாகக் கேட்டேன். அவளுக்கு ஸ்கேன் எடுத்ததே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. தறிகள் நின்றிருந்தன. சோமனூரில் தறிச்சத்தம் இல்லாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். அண்ணன் ஷெட்டில் தனியாக இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு நேராகக் கேட்டேன்.

"அண்ணா, அந்தப் படத்த ஆருகிட்டக் காட்டுனீங்க?"

 எழுந்துபோய்ப் பாவு நூல் சுற்றிய உருளைகள் அடுக்கியிருந்த அறையின் பூட்டைத் திறந்து, காடாத்துணியில் சுற்றி வைத்திருந்த கவரை எடுத்து வந்தார். துணி பார்க்கும் மேசையில் டியூப்லைட்டைப் போட்டார். மேலே கண்ணாடி, அடியில் விளக்கு உள்ள மேசை அது. நெய்து வந்த துணியை அதன்மேல் இழுத்துப் பார்ப்பார்கள். இழை அறுந்த இடத்தில், நூல் விட்டுப்போன இடத்தில், விளக்கு வெளிச்சம் பளிச்சென்று தெரியும். அண்ணன் அந்த மேசையில் முப்பது வருஷமாகத் துணி பார்க்கிறார். ஒரு பிசிறு தப்பாது.

பிலிமைக் கண்ணாடிமேல் வைத்தார். சுண்ணாம்பு படிந்த இடங்கள் வழியாக வெளிச்சம் குத்திக்கொண்டு வந்தது.

"நீயே பாத்துக்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. இங்க பாரு, இது நீளமா. ஓட்டை."

"என்னதுங்ணா?"

"ஓட்டை, கண்ணு. வெளிச்சம் வர்ற எடமெல்லாம் ஓட்டைதான? எனக்குத் தெரியாதா? பிளேன் எறங்கி வந்த அன்னைக்கே வெச்சுப் பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

"நெஞ்சுல ஓட்டைன்னா பொறப்புலயே வர்றதுங்கறாங்க. பரம்பரையா வருமாமா. அரசூருப் பக்கம் ஒரு ஊட்டுல பையனுக்கு ஓட்டைன்னு தெரிஞ்சுபோயி, அந்த ஊட்டுப் பொண்ணுக ரெண்டையும் கட்டறதுக்கு ஒருத்தனும் வர்ல. நம்மூரு டாக்டரு மதுக்கரைச் சம்பந்திக்குப் பங்காளி. அவருகிட்ட எப்படிக் காட்டறது? கோயமுத்தூரு போலாம்னா, தனியாவா உடுவாங்க? ஒரு கார் நெறையா ஏறிக்குவாங்க, டாக்டரு ரூமுக்குள்ள எல்லாரும் வந்து நிப்பாங்க. கோகிலாவுக்குக் காச்சல்னு ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். 'நெஞ்சு நல்லா இருக்குதுங்களான்னு காது வெச்சுப் பாருங்க'ன்னேன். நல்லா இருக்குதுன்னாங்க. இருந்தாலும் வெசனந்தான். கல்யாணம் முடியற முட்டும் ஆரும் பாக்கக் கூடாதுன்னு பூட்டி வெச்சுட்டேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடிதத்தில் மூன்று பத்தியிலும் உசிதம்தான் இருந்தது. விஷயம் வெளியே போகாமல் அதைப் படித்துக்காட்ட அவருக்கு ஊரில் ஆள் இல்லை. பார்க்கத் தெரிந்த முறையில் பார்த்திருக்கிறார். தங்கை வாயைத் திறக்காதபோது மனுஷன் வேறு எதை வைத்துப் படிப்பார்?

"ஓட்டையில்லீங்ணா!" என்று கத்தினேன். யாரும் இல்லாத ஷெட்டில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது சுண்ணாம்பு. ரத்தம் போற கொழாயில சுண்ணாம்பு படிஞ்சிருக்குது. பாவுக்குக் கஞ்சி போடற நம்ம சைசிங் பாய்லருல, கொழாய்க்குள்ள உப்புப் புடிச்சுக்குமல்ல, அந்த மாதிரி. பிலிம்ல அது வெள்ளையாத்தான் உழுகும். ஓட்டையும் இல்ல, பொறப்புல வந்ததும் இல்ல. அப்பாவுக்கு வந்தது வாய்வு இல்லீங்ணா, இதுதான்."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நிஜமாகவே முகம் மலர்ந்தார்.

"அடைப்புங்கறயா? வெறும் அடைப்பா?"

"வெறும் அடைப்பா! ஆளையே கொன்னுபோடும்ங்ணா!"

"அது செரி. ஆனா அடைப்பு எல்லாத்துக்கும் வர்றதுதான? மதுக்கரைக்காரருக்கே பைபாஸ் பண்ணியிருக்குது." நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எட்டு மாதப் பயம் இறங்கிய மனுஷன் மாதிரி இருந்தார். சாகக் கூடிய நோய் என்று கேட்டதும் நிம்மதி அடைகிற ஜனங்கள் எங்கள் ஜனங்களைத் தவிர உலகத்தில் வேறு எங்காவது இருப்பார்களா, எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கேட்டார். கோபமே இல்லாமல், ஒரு விவரம் கேட்பது போலக் கேட்டார்.

"பாய்லருக் கொழாய் மாதிரின்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா எனக்குப் புரிஞ்சிருக்குமல்ல கண்ணு?"

7

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் உயிரோடு இருக்கிறார். கல்யாணம் நடந்தது. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். பந்தியில் நின்று உபசரிக்காத பெண் வீட்டுக்காரர் என்று நாலு பேர் குறை பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். அடுத்த வாரமே கோயமுத்தூரில் அவர் இதயத்தில் மூன்று இடத்தில் பைபாஸ் செய்தார்கள். மதுக்கரைச் சம்பந்தி தினமும் வந்து, தன் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டி அண்ணனுக்குத் தைரியம் சொன்னார். எந்தக் குடும்பத்துக்குப் பயந்து ஒளித்து வைத்தாரோ அதே குடும்பம். இதற்காகவா எட்டு மாதம்?

ஆனால் அண்ணன் பழைய அண்ணன் இல்லை. பாதித் தறியை விற்றுவிட்டார். மாடிப்படி ஏறுவதில்லை. ஏன் என்பது கல்யாணத்துக்கு முன்னால் டாக்டர் அறையில் நடந்ததில் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மற்றவர்களை இத்தனை பேசிவிட்டு அதை மறைத்தால் நன்றாக இருக்காது.

ஷெட்டில் பேசிய மறுநாள், பத்திரிகை வைக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அண்ணனும் நானும் மட்டும் கோயமுத்தூர் போனோம். கார் நிறைய ஏற வந்தவர்களை நான் ஒவ்வொருவராகச் சண்டை போட்டு இறக்கினேன். இதய டாக்டர் சின்ன வயசுக்காரர், படபடவென்று பேசினார். பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். இந்த மாதிரிப் படத்தைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். இ.சி.ஜி. எடுத்தார். அந்தக் காகிதத்தை நீளமாக விரித்து, ஓர் இடத்தில் பேனாவால் கோடு போட்டார்.

"உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்குதுங்க. எப்பவாச்சும் வேர்த்து, நெஞ்சக் கரிச்சுட்டு வந்துச்சுங்களா?"

அண்ணன் யோசித்தார். "மாசி மாசம் ஒருக்கா வந்துச்சுங்க. வாய்வுன்னு நெனச்சுச் சோடாக் குடிச்சனுங்க. செரியாப் போச்சுங்க."

மாசி என்றால், அவர் எங்கள் வீட்டிலிருந்து திரும்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் போனில், "காட்டுனீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம்.

"செரியாப் போகலீங்க. இதயத்துல ஒரு பக்கத்துச் சதை செத்துப்போச்சு. ஆபரேசன் பண்ணுனா மிச்சத்தக் காப்பாத்தலாம். போனது போனதுதான்." டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த தேதியை விரலால் தட்டினார். "மாசிக்கு முன்னாடியே எடுத்த படம் இது. இத்தன சுண்ணாம்பு தெரியுது. அப்பவே வந்திருந்தா இந்த அட்டாக்கே வராமத் தடுத்திருக்கலாம். இத எடுத்தவங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களா?" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானுங்களா அங்க ஸ்கேன்ல வேலை பாக்கறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தங்கச்சி எல்லாத்தையும் வெவரமாச் சொல்லித்தானுங்க அனுப்புச்சு. அடைப்பு இருக்குது, போனதும் காட்டோணும்னு, படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சுங்க. நாந்தானுங்க காதுல போட்டுக்கல. எம்மேலதான் தப்புங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த பிலிம் கவரின் மூலையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரின் கோபம் என்னை விட்டு இறங்கியது. "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, சொல்லத்தான முடியும்" என்றார்.

நான், "ஆமாங்க" என்றேன்.